பேனாக்கத்தி: மடங்கும் அலகும் அதன் பூட்டும்

பேனாக்கத்தி என்பது அலகைக் கைப்பிடிக்குள் மடக்கிச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ளக்கூடிய சிறு கத்தி ஆகும். மடக்குக்கத்தி என்றும் இதைச் சொல்வர். பழம் நறுக்க, கயிறு அறுக்க, பார்சல் பிரிக்க, பென்சில் சீவ எனப் பல சிறு வேலைகளுக்கு இது பயன்படுகிறது. இன்று உலகெங்கும் இத்தகைய கத்திகளை விரும்பி வாங்குவோர், நாள்தோறும் உடன் கொண்டுசெல்லும் பொருள் என்ற கருத்தில் 'எவ்ரிடே கேரி', சுருக்கமாக 'ஈடிசி' என்ற பெயரால் இவற்றைக் குறிப்பிடுகின்றனர். புதிய கத்திகளைப் பற்றிய விளம்பரங்களில் எஃகின் பெயரும் கைப்பிடியின் அழகுமே பெரிதாகப் பேசப்படும். ஆனால் இக்கருவியின் வரலாற்றில் எஃகைவிடச் சிக்கலான பகுதி ஒன்று உண்டு. விரித்த அலகு மடங்காமல் நிற்பதற்கான பூட்டுதான் அது. கையாள்பவரின் விரலைக் காப்பதற்காக வந்த பூட்டையே பல நாட்டுச் சட்டங்கள் ஆயுதத்தின் அடையாளமாகப் பார்த்துள்ளன.

பெயரும் பழமையும்

'பேனா' என்பது போர்த்துக்கீசியர் வழியாகத் தமிழுக்கு வந்த சொல். அதன் முதற்பொருள் பறவையின் இறகு. ஐரோப்பாவில் வாத்து இறகைச் சீவி மையில் தோய்த்து எழுதிய காலத்தில், இறகின் முனை அடிக்கடி மழுங்கும். அதை மீண்டும் சீவுவதற்காக எழுத்தர்கள் வைத்திருந்த சிறு கத்தியே பேனாக்கத்தி. 19ஆம் நூற்றாண்டில் பர்மிங்காம் நகரத் தொழிற்கூடங்களிலிருந்து எஃகு நிப்புகள் மலிவாக வந்தபின் இறகு சீவும் வேலை மறைந்தது. கத்தியும் பெயரும் மட்டும் நிலைத்தன.

தமிழகத்திலும் எழுத்துக்கும் கத்திக்கும் இதே உறவு இருந்துள்ளது. பனையோலையை ஓரம் வாரிச் சீராக்கக் கத்தி வேண்டும். அதில் எழுத எழுத்தாணி வேண்டும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து, பயன்படுத்தாதபோது கைப்பிடிக்குள் மடக்கி வைக்கும்படி செய்யப்பட்டதே மடக்கெழுத்தாணி. இறகும் ஓலையும் வேறு வேறு. எழுதுபவன் மடியில் ஒரு மடக்குக்கத்தி இருந்தது மட்டும் இரண்டு இடத்திலும் ஒன்றே.

மடக்குக்கத்தி இவற்றைவிட மிகப் பழையது. ஆஸ்திரியாவின் ஹால்ஷ்டாட் பகுதியில் கிடைத்த, எலும்புக் கைப்பிடி கொண்ட மடக்குக்கத்தி ஏறத்தாழ கி.மு. 6ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கருதப்படுகிறது. கேம்பிரிட்ஜின் ஃபிட்ஸ்வில்லியம் அருங்காட்சியகத்தில், கி.பி. 3ஆம் நூற்றாண்டின் உரோமானியக் கருவி ஒன்று உள்ளது. வெள்ளியால் ஆன அதன் உடலில் இரும்பு அலகுடன் கரண்டி, முட்கரண்டி, கூரிய முள் முதலியவையும் மடங்கி அமைந்துள்ளன. பலகருவிக் கத்தி சுவிட்சர்லாந்தில்தான் பிறந்தது என்று நினைப்பவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

அலகு எப்படி நிற்கிறது?

ஓர் ஆணியைச் சுற்றி அலகு சுழன்றால் கத்தி மடங்கிவிடும். அது எளிய வேலை. வெட்டும்போது அது தானாக மடங்காதிருக்கச் செய்வதுதான் கடினம். மிகப் பழைய கத்திகளில் ஆணியின் இறுக்கம் மட்டுமே அலகைப் பிடித்து நிறுத்தியது. நாள்பட ஆணி தளரும். அலகு ஆடத் தொடங்கும்.

17ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரக் கத்திக்கொல்லர்களிடையே வில் வைத்த கத்தி பரவியது. கைப்பிடியின் முதுகுப்புறத்தில் நீண்ட எஃகுப் பட்டை ஒன்று வில்போல அழுத்திக்கொண்டிருக்கும். அலகின் அடிப்பகுதி அந்தப் பட்டையின்மீது வழுக்கித் திரும்பும். முழுதாக விரிந்த நிலையிலும் மடங்கிய நிலையிலும் பட்டை அலகை அழுத்தி நிறுத்தும். நகத்தால் பிடித்து இழுப்பதற்காக அலகில் ஒரு சிறு பள்ளம் இருக்கும். இன்றும் பெரும்பாலான எளிய பேனாக்கத்திகள் இந்த முறையில்தான் இயங்குகின்றன.

இதில் ஒரு குறை உண்டு. வில் அலகை அழுத்துகிறதே தவிரப் பூட்டுவதில்லை. கத்தியின் முனையால் எதையேனும் குத்தித் துளைக்க முயன்றாலோ, அலகின் முதுகுப்புறம் எதிலாவது அழுந்தினாலோ அது சட்டென மடங்கி விரல்மீது விழும். தச்சரும் மீனவரும் வேட்டைக்காரரும் இதனால் காயப்பட்டனர். பூட்டு தேவைப்பட்டது அதனால்தான்.

ஷெஃபீல்டின் உயர்வும் தாழ்வும்

ஷெஃபீல்டு கத்திக்குப் பெயர் பெற்றதற்கு இயற்கையும் காரணம். சாணைச் சக்கரங்களைச் சுழற்ற வேகமாக ஓடும் ஆறுகள், சாணைக்கேற்ற மணற்கல், உலைக்குக் கரி ஆகிய மூன்றும் அருகிலேயே கிடைத்தன. 14ஆம் நூற்றாண்டிலேயே சாசர் தம் கதையொன்றில் வரும் மாவரைப்பவனின் காலுறையில் ஒரு ஷெஃபீல்டு கத்தியைச் செருகி வைத்துள்ளார். 1624இல் அங்குள்ள கத்திக்கொல்லர்களுக்கெனச் சட்டப்படி ஒரு சங்கம் அமைந்தது. 1740களில் பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் மூசையில் எஃகை உருக்கிச் சீரான தரத்தில் வார்க்கும் முறையைக் கண்டார். கத்தித் தொழிலுக்கு இது பெரும் வலுவாயிற்று.

அங்கே வேலை நடந்த முறை தனியானது. அலகை அடிப்பவர் ஒருவர், சாணை பிடிப்பவர் ஒருவர், கைப்பிடி பொருத்துபவர் ஒருவர் எனச் சிறு பட்டறைகளில் தனித்தனியே உழைத்தனர். இவர்களை 'லிட்டில் மெஸ்டர்' என்பர், சிற்றெசமானர் எனலாம். ஜோசப் ராட்ஜர்ஸ் நிறுவனம் 1851ஆம் ஆண்டு லண்டன் பெருங்காட்சிக்காகச் செய்த 'நார்ஃபோக்' கத்தியில் 75 அலகுகளும் கருவிகளும் இருந்தன. சட்டைப்பையில் வைக்க முடியாத சட்டைப்பைக் கத்தி அது. கைத்திறனைக் காட்டச் செய்தது.

அந்தப் பளபளப்புக்குக் கொடுத்த விலையைக் காட்சிக்கு வந்தவர்கள் அறிந்திருக்க வாய்ப்பில்லை. சாணைத் தூசியைச் சுவாசித்த தொழிலாளர்கள் நுரையீரல் நோயால் இளவயதிலேயே இறந்தனர். தண்ணீர் விடாமல் உலர்ந்த கல்லில் முட்கரண்டிக்குச் சாணை பிடித்தவர்களின் நிலை மிகக் கொடியது. மருத்துவர் ஜி. கால்வர்ட் ஹாலண்ட் 1843இல் இந்நோய் பற்றித் தனி நூலே எழுதினார். சாணைக்கல் சுழலும்போதே உடைந்து சிதறி உயிர் பறித்ததும் உண்டு. கத்தி வரலாறுகள் பலவும் இதை ஒரு வரியில் கடந்துவிடுகின்றன. அது நியாயமன்று.

1890இல் அமெரிக்கா மெக்கின்லி சட்டத்தின்வழி இறக்குமதி வரியை உயர்த்தியபோது ஷெஃபீல்டின் பேனாக்கத்தி ஏற்றுமதி பெரும் அடி வாங்கியது. அமெரிக்கத் தொழிற்சாலைகள் வளர்ந்தன. பழைய முறையில் வேலை செய்த ஸ்டான் ஷா என்ற புகழ்பெற்ற கைவினைஞர் 2021இல் தம் 94ஆம் வயதில் மறைந்தார்.

உழவர் கத்தியும் படைவீரர் கத்தியும்

பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் ஜோசப் ஒப்பினெல் 1890இல் ஒரு கத்தியை உருவாக்கினார். ஒரு பீச் மரக் கைப்பிடி, ஓர் அலகு, ஓர் ஆணி, ஓர் உலோகப் பட்டை, அவ்வளவே. 1897இல் அதை 1 முதல் 12 வரை எண்ணிட்ட அளவுகளில் விற்கத் தொடங்கினார். உழவரும் ஆயரும் தொழிலாளரும் வாங்கக்கூடிய விலையில் அது இருந்தது. அதிலும் தொடக்கத்தில் பூட்டு இல்லை. 1955இல் மார்செல் ஒப்பினெல் 'விரோப்ளோக்' என்னும் சுழலும் வளையத்தைச் சேர்த்தார். அலகை விரித்தபின் கைப்பிடியின் கழுத்திலுள்ள வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்கும் வழி அடைபடும். இதைவிட எளிய பூட்டைக் காண்பது அரிது. வளையம் சுழலும் கத்தி பிரான்சில் முன்பே நோந்திரோன் ஊரில் உண்டு. அதை மலிவான கத்திக்கும் உரியதாக்கியது ஒப்பினெல்.

சுவிட்சர்லாந்தில் கதை வேறு. கார்ல் எல்செனர் 1884இல் ஷ்விஸ் மாநிலத்தின் இபாக்கில் கத்திப் பட்டறை தொடங்கினார். அக்காலத்தில் சுவிஸ் படைவீரருக்குப் புதிய துப்பாக்கி வந்திருந்தது. அதைக் கழற்றிப் பூட்டத் திருப்புளி வேண்டும். டப்பாவில் அடைத்த உணவைத் திறக்க ஒரு கருவி வேண்டும். இவற்றைக் கத்தியோடு சேர்த்துப் படை ஒரு மாதிரியை வகுத்தது. அத்தனை கத்திகளைச் செய்யும் திறன் அன்று சுவிஸ் பட்டறைகளுக்கு இல்லாததால், முதல் கத்திகள் ஜெர்மனியின் சோலிங்கன் நகரிலிருந்து வந்தன. எல்செனர் 1891இல் தாமும் கத்தி வழங்கத் தொடங்கினார். ஒரே வில்லின் இருபுறமும் கருவிகளை அமைக்கும் முறையால் எடை குறைந்த அதிகாரிக் கத்தியை 1897இல் உருவாக்கிப் பதிவு செய்தார். 1909இல் தாயார் விக்டோரியாவின் பெயரை நிறுவனத்துக்கு இட்டார். துருப்பிடிக்காத எஃகைக் குறிக்கும் 'இனாக்ஸ்' 1921இல் சேர, விக்டோரினாக்ஸ் என்றானது. இரண்டாம் உலகப்போருக்குப்பின் அமெரிக்க வீரர்களுக்கு இக்கத்தியின் ஜெர்மன் பெயர் வாயில் நுழையவில்லை; அவர்கள் இட்டதே 'சுவிஸ் ஆர்மி நைஃப்'.

பூட்டைக் குறிவைத்த சட்டங்கள்

ஸ்பெயின் நாட்டில் 'நவாகா' எனப்படும் பெரிய மடக்குக்கத்தி பொதுமக்களிடம் பரவியிருந்தது. மூன்றாம் கார்லோஸ் மன்னர் 1761இல் பிறப்பித்த தடை ஆணை, குத்துவாள் முதலியவற்றோடு, பூட்டிக்கொள்ளும் வில் அல்லது வளையம் கொண்ட நவாகாவையும் பெயர் சுட்டித் தடுத்தது. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் கழித்து ஒப்பினெல் உழவர்களின் விரலைக் காக்கச் சேர்த்ததும் ஒரு வளையமே. மன்னர் பார்த்தது வேறு: மடங்காத கத்தியால் மனிதனைக் குத்தலாம். இரு பார்வையும் பொய்யல்ல. சிக்கல் அங்கேதான் உள்ளது.

ஜப்பானின் எடுத்துக்காட்டு பள்ளியோடு தொடர்புடையது. ஹியோகோ மாவட்டத்தின் மிக்கி நகரில் 1890களில் உருவான 'ஹிகோனோகாமி', மடித்த தகட்டைக் கைப்பிடியாகக் கொண்ட எளிய கத்தி. அலகின் பின்புறம் நீண்டிருக்கும் ஒரு சிறு நாக்கைப் பெருவிரலால் அழுத்தினால் அலகு வெளிவரும். அந்த நாக்கை அழுத்திப் பிடித்திருக்கும்வரை அது நிற்கும். பள்ளிக் குழந்தைகள் பென்சில் சீவவும் மூங்கில் பொம்மை செய்யவும் இதையே வைத்திருந்தனர். 1960 அக்டோபர் 12 அன்று சோஷலிஸ்ட் கட்சித் தலைவர் இனெஜிரோ அசனுமாவைப் பதினேழு வயது இளைஞன் மேடையிலேயே குத்திக் கொன்றான். அவன் பயன்படுத்தியது ஒரு குறுவாள்; ஹிகோனோகாமி அல்ல. ஆயினும் குழந்தைகளிடம் கத்தி இருக்கக்கூடாது என்ற இயக்கம் நாடெங்கும் எழுந்தது. கத்தி பள்ளியிலிருந்து வெளியேறியது. சுழற்றிப் பென்சில் சீவும் எந்திரம் உள்ளே வந்தது. மிக்கியின் பட்டறைகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டு, இன்று ஒரு குடும்பப் பட்டறையே அந்த வணிகப்பெயருடன் எஞ்சியுள்ளது. இதற்கு மாறாக, நாகானோ மாவட்டத்தின் இக்கெதா ஊரிலுள்ள ஒரு தொடக்கப்பள்ளி, 1980களிலிருந்து புதிதாகச் சேரும் மாணவருக்கு ஹிகோனோகாமி வழங்கிப் பென்சில் சீவக் கற்றுத்தருகிறது.

ஜப்பானியச் சட்டப்படி, 6 செ.மீ.க்கு மேற்பட்ட அலகைத் தக்க காரணமின்றி உடன் கொண்டுசெல்லக் கூடாது. மடக்குக்கத்திக்கு மட்டும் 8 செ.மீ. வரை விலக்கு உண்டு. அலகின் அகலம், தடிமன் பற்றிய வரம்புகளோடு அந்த விலக்குக்கு இன்னொரு நிபந்தனையும் உள்ளது: விரித்த அலகை நிலைநிறுத்தும் அமைப்பு இருக்கக்கூடாது.

இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 1988ஆம் ஆண்டு குற்றவியல் நீதிச் சட்டத்தின் 139ஆம் பிரிவு, பொது இடத்தில் காரணமின்றிக் கத்தி வைத்திருப்பதைக் குற்றமாக்கியது. 3 அங்குலத்துக்கு மிகாத வெட்டுவாய் கொண்ட மடக்குப் பேனாக்கத்திக்கு விலக்கு அளித்தது. பூட்டுள்ள கத்தியும் மடக்குக்கத்திதானே என்ற கேள்வி ஹாரிஸ் வழக்கில் எழுந்தது. உடனே மடக்கக்கூடியதே மடக்குக்கத்தி; ஒரு பொத்தானையோ பூட்டையோ தளர்த்திய பின்னரே மடங்குவது அந்த விலக்கில் அடங்காது என்று நீதிமன்றம் கூறிற்று. 1998இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் டீகன் வழக்கில் இதை உறுதி செய்தது. எனவே விரலுக்கு ஆபத்தான கத்தியைக் காரணமின்றிக் கொண்டுசெல்லலாம். பாதுகாப்பானதற்குக் காரணம் சொல்ல வேண்டும்.

இந்தியாவில் நிலைமை மாறுபட்டது. படைக்கல விதிகள் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைக் கவனிக்கின்றன. வீட்டு, வேளாண், தொழில் பயன்பாட்டுக்கானவற்றை விலக்குகின்றன. அளவே இங்கு முதன்மை. உத்தரப்பிரதேசத்தின் ராம்பூர் நகரில் செய்யப்பட்ட பூட்டுள்ள மடக்குக்கத்தி, இந்தித் திரைப்பட வில்லன்களின் கையில் புகழ்பெற்றது. 1990களில் அம்மாநில அரசு நீண்ட அலகுகளைத் தடை செய்தபின் தொழில் நலிந்தது. 2023இல் அந்நகரின் நாற்சந்தி ஒன்றில் 20 அடி உயரக் கத்திச் சிலையை நிறுவினார்கள். பட்டறைகள் குறைந்தபின் சிலை வந்தது.

புதிய கத்திகள்

இன்றைய 'ஈடிசி' கத்தியின் உருவம் பெரும்பாலும் அமெரிக்காவில் அமைந்தது. பக் நிறுவனம் 1964இல் வெளியிட்ட 110ஆம் எண் வேட்டைக்கத்தி, முதுகுப்புறப் பூட்டைப் பரவலாக்கியது. 1981இல் சால் கிளெசரின் ஸ்பைடெர்கோ நிறுவனம் 'ஒர்க்கர்' என்ற கத்தியை வெளியிட்டது. அதன் அலகில் இருந்த வட்டத் துளையில் பெருவிரலை வைத்து ஒரு கையாலேயே விரிக்கலாம். சட்டைப்பையின் விளிம்பில் மாட்டிக்கொள்ளக் கவ்வி ஒன்றும் இருந்தது. ஏணியில் நிற்பவருக்கும், ஒரு கையில் கயிற்றைப் பிடித்திருக்கும் படகோட்டிக்கும் இது எவ்வளவு உதவி என்பதை விளக்க வேண்டியதில்லை. அதே ஆண்டுகளில் மைக்கேல் வாக்கர், கைப்பிடியின் உள்தகடே வளைந்து அலகின் பின்னால் வந்து நிற்கும் பூட்டை உருவாக்கினார். கிறிஸ் ரீவ், தடித்த கைப்பிடிச் சட்டத்தையே பூட்டாக்கினார்.

எஃகும் மாறியது. உருகிய எஃகைப் பொடியாகத் தெளித்து, அப்பொடியை வெப்பத்திலும் அழுத்தத்திலும் மீண்டும் கட்டியாக்கும் முறையால் கடினமான துகள்கள் நுண்ணியதாகவும் சீராகவும் பரவுகின்றன. 2001இல் வந்த 'எஸ்30வி' கத்திக்கென்றே வகுக்கப்பட்ட இத்தகைய எஃகு. அதில் சுமார் 4 சதவீதம் வனேடியம் உண்டு. கூர் நெடுநாள் நிற்கும். ஆனால் மழுங்கினால் வீட்டுச் சாணைக்கல் எளிதில் வேலை செய்யாது. மாம்பழமும் சணல் கயிறும் அறுப்பவருக்குச் சாதாரணக் கரிம எஃகு போதும். துடைத்து வைத்தால் துருவும் ஏறாது.

இந்த மாற்றங்களால் பழைய மோதல் கூர்மையாயிற்று. 2001 செப்டம்பர் தாக்குதலுக்குப்பின் விமானப் பயணிகளிடம் கத்தி தடைசெய்யப்பட்டது. விமான நிலையக் கடைகளில் நன்கு விற்றுவந்த விக்டோரினாக்சின் விற்பனை சரிந்தது. நிறுவனம் பணிநீக்கம் செய்யாமல் தன் ஊழியரைச் சில காலம் பிற நிறுவனங்களுக்கு அனுப்பிச் சமாளித்தது. 2008ஆம் ஆண்டு இன்னும் வியப்பானது. சுவிஸ் படை தன் வீரருக்கு, ஒரு கையால் விரிந்து பூட்டிக்கொள்ளும் புதிய கத்தியைத் தேர்ந்தெடுத்தது. அதே ஆண்டு ஏப்ரல் 1 முதல் அண்டை நாடான ஜெர்மனியில், ஒரு கையால் விரிந்து பூட்டிக்கொள்ளும் கத்தியைத் தக்க காரணமின்றிப் பொது இடத்தில் கொண்டுசெல்வது தடைசெய்யப்பட்டது. வீரருக்குச் சிறந்தது என ஒரு நாடு கண்ட அதே இரு பண்புகளை மற்றொன்று குற்றத்தின் அறிகுறியாகக் கண்டது.

கத்தி செய்வோர் சட்டத்துக்கேற்ப வடிவத்தைத் திருத்துகின்றனர். ஸ்பைடெர்கோ, பூட்டில்லாத குறுகிய அலகுடைய ஒன்றைப் பிரிட்டனுக்காகச் செய்து 'யூகே பென்நைஃப்' என்று பெயரிட்டது. சோலிங்கனின் போக்கர் நிறுவனம் ஜெர்மன் சட்டப்பிரிவின் எண்ணான 42ஐயே பெயரில் சேர்த்து, இரு கையால் விரிக்கும் மாதிரிகளை விற்கிறது.

சட்டம் இயற்றுவோரின் அச்சம் வெறும் கற்பனையன்று. 2024 ஆகஸ்ட் 23 அன்று, கத்தித் தொழிலால் உலகறிந்த சோலிங்கனிலேயே, நகரின் 650ஆம் ஆண்டு விழாவில் நடந்த கத்தித் தாக்குதலில் மூவர் கொல்லப்பட்டனர். அவ்வாண்டு அக்டோபர் இறுதியில் ஜெர்மனி சட்டத்தை மேலும் இறுக்கி, பொது விழாக்களிலும் தொலைதூர ரயில், பேருந்துகளிலும் கத்தி கொண்டுசெல்வதைத் தடுத்தது.

அதற்குச் சில மாதங்கள் முன், 2024 மே மாதம், நிறுவனரின் கொள்ளுப்பேரனும் விக்டோரினாக்சின் தலைவருமான கார்ல் எல்செனர், பெருகிவரும் கத்திச் சட்டங்களைக் கருதி அலகே இல்லாத சட்டைப்பைக் கருவியை உருவாக்கி வருவதாகத் தெரிவித்தார். மிதிவண்டி ஓட்டுவோர் போன்றவர்களுக்குத் திருப்புளியும் பிற கருவிகளும் வேண்டும், அலகு தேவையில்லை என்பது அவர் சொன்ன எடுத்துக்காட்டு. அலகுள்ள கத்திகளும் தொடர்ந்து வரும் என்று நிறுவனம் விளக்கியது.